கோலாலம்பூரில் இருந்தது யார்?

கடந்த பருவ விடுமுறையில் ஓர் இரவு சுங்கைப் பட்டாணியில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். கைப்பேசிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. என் கணக்கில் புதிய சாதனத்திலிருந்து யாரோ உள்நுழைந்திருக்கிறார்களாம். இடம்: கோலாலம்பூர்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இடுபணிகள், உதவித்தொகைக் கடிதங்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. கோலாலம்பூரில் என் கடவுச்சொல் தெரிந்தவள் ஒரே ஒரு தோழிதான். படிவம் 5-இல் குழுப்பணிக்காக நானே கொடுத்தது. பிறகு மாற்றவே இல்லை. யோசிக்காமல் அவளுக்குப் புலனத்தில் நான்கு வரி அனுப்பினேன். அவற்றை இங்கே எழுத முடியாது.

உடனே பதில் வந்தது. “நான் ஏன்லா உன் மெயிலைத் திறக்கப் போறேன்? அதுல மணி என்ன போட்டிருக்குன்னு பாத்தியா?”

பார்த்தேன். இரவு 10.42. அண்ணனின் பழைய மடிக்கணினியை என் கைப்பேசி டேட்டாவோடு இணைத்து, இடுபணியை அனுப்ப நான் உள்நுழைந்த அதே நேரம். அந்த ‘யாரோ’ நான்தான்.

நான் படிப்பது கணக்கியல் என்பதால் இதைத் தேடித்தான் தெரிந்துகொண்டேன். நாம் திறக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் நம் ஐபி முகவரி தெரியும். தெரியாவிட்டால் பக்கத்தை எங்கே அனுப்புவது? ஆனால் ‘முகவரி’ என்ற சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. அதில் தெருவும் இல்லை, ஊரும் இல்லை, வெறும் எண். ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு இந்த எண்களைப் பங்கிடுவது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் உள்ள ஏப்னிக் அமைப்பு. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அவற்றைத் தொகுதி தொகுதியாகப் பெற்று நமக்குக் கொடுக்கின்றன. இன்று என்னிடம் உள்ள எண் நாளை ஈப்போவில் ஒருவரிடம் இருக்கலாம்.

பழைய ஐபிவி4 வகையில் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான். ஏப்னிக்கின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதனால் கைப்பேசி நிறுவனங்கள் பலரை ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் நிறுத்துகின்றன. என் டேட்டா எங்கள் ஊர்க் கோபுரத்தில் ஏறினாலும், அது இணையத்துக்குள் நுழையும் வாசல் வேறு ஊரில் இருக்கலாம். தளத்தின் கண்ணுக்குப் படுவது அந்த வாசல் மட்டுமே.

எண்ணை ஊராக மாற்றிச் சொல்வதற்கென்றே தரவுத்தள நிறுவனங்கள் இருக்கின்றன. எண் யார் பெயரில் பதிவாகியுள்ளது, தகவல் போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையெல்லாம் வைத்து ஊகிக்கிறார்கள். நாடு பெரும்பாலும் சரியாக இருக்கும். ஊரில்தான் சறுக்கும்.

“அப்புறம் சாப்பாடு கொண்டு வர்ற பையன் மட்டும் எப்படி நம்ம கேட்டுக்கே வர்றான்?” என்று கேட்டார் அம்மா. நல்ல கேள்வி. அந்தச் செயலி நம்மிடம் அனுமதி வாங்கி, கைப்பேசியின் ஜிபிஎஸ் மூலம் இடத்தை அறிகிறது. அது வேறு வழி.

ஊகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மேக்ஸ்மைண்ட் என்ற தரவுத்தள நிறுவனம், ‘அமெரிக்கா’ என்பதற்கு மேல் எதுவும் தெரியாத எண்களுக்கு நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைக் குறித்து வைத்தது. எழுதச் சுலபமாக இருக்கட்டும் என்று 38 பாகை வடக்கு, 97 பாகை மேற்கு என முழு எண்களாக்கினார்கள். அந்தப் புள்ளி விழுந்தது கான்சஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகிலுள்ள ஒரு பண்ணை வீட்டில். 60 கோடிக்கும் அதிகமான எண்கள் அந்த வீட்டைக் காட்டின. மோசடிக்காரர்களைத் தேடி எஃப்பிஐ வந்தது, காணாமல் போன பிள்ளைகளைத் தேடி போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸும் வந்தது. உடைந்த கழிப்பறைக் கோப்பை ஒன்றை யாரோ வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். பல ஆண்டுகள் அங்கிருந்தவர்களுக்குக் காரணமே தெரியவில்லை. 2016-இல் ஒரு செய்தியாளர் இதை வெளிக்கொண்டு வந்த பிறகுதான் நிறுவனம் அந்தப் புள்ளியை ஓர் ஏரிக்கு நகர்த்தியது.

அந்த வாசலுக்கு வந்தவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் திரையில் இருந்த ஓர் ஊர்ப் பெயரை வைத்துத்தானே தோழியைத் திருடியாக்கினேன்?

எச்சரிக்கை மின்னஞ்சலை அலட்சியப்படுத்துங்கள் என்று சொல்லவில்லை. நேரத்தையும் சாதனத்தின் பெயரையும் முதலில் பாருங்கள். அவை பொருந்தாவிட்டால், ஊர் சரியாகவே இருந்தாலும், கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். நான் அன்றிரவே மாற்றினேன்.

தோழியிடம் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நாள் நீல டிக் மட்டும்தான். மூன்றாம் நாள் ஒரு திரைப்படம் அனுப்பினாள், அதாவது ஸ்கிரீன்ஷாட். செராஸில் அவள் வீட்டிலிருந்து திறந்த வானிலைப் பக்கம், ‘உங்கள் இடம்: ஜோகூர் பாரு. இடியுடன் மழை’ என்று காட்டியது. கீழே எழுதியிருந்தாள்: “குடை எடுத்துக்கிட்டுக் கிளாஸுக்குப் போறேன்.”