முகம் கோணாத ஏழைகள்

அகி கௌரிஸ்மாகி என்ற பின்லாந்து தேசத்து சினிமா டைரக்டரின் பெயர் நம் வாசகர்களில் சிலருக்கேனும் புதிதாயிருக்கலாம். 1957-ல் பிறந்த இவர், தபால் விநியோகித்தும் ஹோட்டலில் பாத்திரம் கழுவியும் ஜீவித்தவர். 1983-ல் டாஸ்டாயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலை ஹெல்ஸிங்கி நகரத்துக் கதையாக மாற்றித் தமது முதல் கதைப்படத்தை எடுத்தார். பின்னர் வந்த படங்களில் குப்பை வண்டிக்காரனும், வேலையிழந்த சுரங்கத் தொழிலாளியும், கடைச் சிப்பந்தியுமே கதாபாத்திரங்களாயினர்.

ஏழைகளைப் படம் பிடிப்போர் உலகில் அநேகர். ஏழையை அழவைத்து, அவ்வழுகைக்குச் சங்கீதமும் கூட்டி, கொட்டகையிலுள்ளோரின் கண்ணீரைக் காசாக்குவோரும் அவர்களுள் உண்டு. கௌரிஸ்மாகி அக்காரியத்தைச் செய்வதில்லை. 1990-ல் வெளிவந்த 'தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்' படத்தைப் பாருங்கள். மரக்கட்டையொன்று யந்திரங்களினூடே சென்று தீக்குச்சிகளாகிப் பெட்டியில் அடைபடுவதைக் காட்டிய பிறகே, அங்கு வேலை செய்யும் ஈரிஸ் என்ற பெண்ணைக் காட்டுகிறார். வெகுநேரம் எவரும் பேசுவதில்லை. அவள் சம்பாத்தியம் தாய்க்கும் மாற்றாந்தகப்பனுக்கும் போகிறது. ஒரு முறை அதில் தனக்கென்று ஒரு சிவப்பு உடுப்பு வாங்கிவிடுகிறாள். மாற்றாந்தகப்பன் கன்னத்தில் அறைகிறான். அவள் அலறுவதில்லை. எலி விஷம் வாங்குமளவுக்கு அவள் மனம் முற்றிப்போவது பின்னால்தான். எல்லாம் சுமார் 70 நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது!

முகத்தசை அசையாமல் நிற்பதும் ஒரு நடிப்பா என்று கேட்போர் உளர். அடிபட்டுப் பழகியவன் ஒவ்வோர் அடிக்கும் முகம் கோணுவதில்லை என்பதை அவர்கள் அறியார் போலும்.

2002-ல் 'கடந்த காலமில்லா மனிதன்' படத்துக்குக் கான் விழாவில் இரண்டாம் பெரும் பரிசு கிடைத்தது. அவ்வாண்டே ஈரானிய டைரக்டர் அப்பாஸ் கியாரோஸ்தமிக்கு அமெரிக்க விஸா கிடைக்காமற்போகவே, கௌரிஸ்மாகி நியூயார்க் படவிழாவுக்குப் போக மறுத்தார். மறு ஆண்டு ஆஸ்கார் பரிசுக்கு அதே படம் முன்மொழியப்பட்டபோதும், இராக் யுத்தத்தைக் கண்டித்து விழாவுக்குச் செல்லவில்லை. பரிசு வாசலில் நிற்கும் தருணத்தில் இவ்விதம் முதுகைக் காட்டத் துணிவோர் எத்தனை பேர்?

நமக்கு ஓர் ஆட்சேபமும் உண்டு. குடியை அவர் சற்று அதிகப் பிரியத்துடனேயே காட்டிவந்திருக்கிறார். ஆனால் 2023-ல் வெளிவந்த 'உதிர்ந்த இலைகள்' படத்தில், குடிகாரன் தனக்கு வேண்டாமென்று கதாநாயகி சொல்லிவிடுகிறாள். அவனும் புட்டியைக் கவிழ்த்துவிடுகிறான். ஆகவே ஆட்சேபத்தில் பாதியை வாபஸ் பெறுகிறோம்.