உடலுக்குள் ஒரு காவல் படை – 17: தழும்பு ஒன்று, காரணம் பல

"அவருக்கு ஈரல் சுருங்கிப் போச்சாம்" என்று யாராவது சொன்னால், "குடிப்பாரோ?" என்றுதான் உடனே கேட்கிறோம். வாழ்நாளில் மதுவைத் தொடாத பெண்களும் இந்தக் கேள்விக்குக் கூனிக் குறுகுகிறார்கள். அது எவ்வளவு அநியாயமான கேள்வி என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னக்தான், 1819-இல் இந்த நோய்க்கு 'சிரோசிஸ்' என்று பெயர் வைத்தார். நோயுற்ற ஈரலின் பழுப்பு மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஈரலில் ஊசி போட்டு ஒரு துணுக்கை எடுத்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் நீல நிற நார்ப்பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். நடுவே ஈரல் செல்கள் முடிச்சு முடிச்சாக நிற்கும். காரணம் எதுவானாலும் தழும்பு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஆனால், அந்தத் தழும்பின் ஓரத்தில் எந்தச் செல்கள் கூடியிருக்கின்றன என்று பாருங்கள். கதை மாறிவிடும்.

மது, குடலின் சுவரைக் கசிய வைக்கிறது. பாக்டீரியாவின் நச்சு போர்ட்டல் ரத்தக்குழாய் வழியே நேரே ஈரலுக்கு வருகிறது. அங்கே காவலிருக்கும் குப்ஃபர் செல்கள் அபாயக் குரல் கொடுக்க, நியூட்ரோஃபில்கள் திரண்டு வருகின்றன. கிருமியைக் கொல்ல வந்தவை ஈரலையும் சேர்த்துப் புண்ணாக்குகின்றன.

ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள் பெரும்பாலும் ஈரல் செல்லைத் தாமே கொல்வதில்லை. வைரஸ் குடியேறிய செல்லைத் தேடி அழிப்பவை நம்முடைய டி செல்கள். வைரஸும் ஒழியாமல் போரும் ஓயாமல் ஆண்டுக்கணக்கில் நீள, அந்த டி செல்களே களைத்துப் போகின்றன.

தன்னுடல் தாக்கு ஹெபடைட்டிஸில் எதிரியே இல்லை. எதிர்ப்புரதம் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் ஈரலில் குவிந்து கிடக்கும். இதன் உறவுக்கார நோய் ஒன்றில் டி செல்கள் சிறு பித்தக்குழாய்களைச் சூழ்ந்து அரிக்கின்றன. அதில் பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் பெண்கள். அதன் பெயரிலேயே 'சிரோசிஸ்' இருந்தது. பலருக்கு நோய் அந்த நிலைக்கே போவதில்லை. பெயரோ குடிப்பழக்கத்தை நினைவூட்டி அவர்களை வருத்தியது. நோயாளிகள் குரல் எழுப்ப, 2015-இல் அந்தச் சொல் நீக்கப்பட்டது.

ரத்தத்திலுள்ள எதிர்ப்புரதங்களிலும் தடயம் உண்டு. மதுவால் கெட்ட ஈரல் என்றால் ஐஜிஏ, தன்னுடல் தாக்கு என்றால் ஐஜிஜி, பித்தக்குழாய் நோய் என்றால் ஐஜிஎம் கூடுவது வழக்கம்.

வழிகள் வேறானாலும் முடிவில் அவை ஓரிடத்தில் சேர்கின்றன. எடின்பரோ ஆய்வாளர்கள் 2019-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மனித செல்களைத் தனித்தனியே ஆராய்ந்து, தழும்பை ஒட்டியே வாழும் ஒருவகை மேக்ரோஃபேஜ் செல்களை அடையாளம் கண்டார்கள். நார் உற்பத்தியைத் தூண்டுபவை இவை.

அப்படியானால் காரணத்தைத் தேடுவானேன்? மருந்து அதில்தான் இருக்கிறது. தன்னுடல் தாக்கு ஹெபடைட்டிஸில் உயிரைக் காக்கும் ஸ்டீராய்டு, ஹெபடைட்டிஸ் பி உள்ளவருக்குத் தக்க பாதுகாப்பின்றிக் கொடுக்கப்பட்டால் அடங்கிக் கிடந்த வைரஸைக் கிளப்பிவிடும். ஹெபடைட்டிஸ் சி-க்கோ, 8 முதல் 12 வார மாத்திரையில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமாகிறார்கள். மதுவால் வந்ததென்றால், குடியை அறவே நிறுத்துவதே முதல் மருந்து. அவருக்கும் தேவைப்படுவது நம் வசவு அல்ல, துணை.

ஆகவே, இனி "குடிப்பாரோ?" என்று கேட்காதீர்கள். "என்ன காரணம் என்று டாக்டர் சொன்னார்?" என்று கேளுங்கள். வீட்டில் ஒருவருக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்தால், மற்ற எல்லோரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தைக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் போடும் அந்த ஒரு ஊசியைத் தவறவிடாதீர்கள்.

(தொடரும்)