சங்கு முத்திரையும் சக்கரப் பலகையும்

சமயத் தலைவரே சிங்காதனத்திலும் அமர்ந்து அரசாண்ட ராஜ்யங்கள் ஐரோப்பாவில் பல இருந்தன. அவற்றுள் ஒன்றாய், 1803 வரை பேராயர்களின் ஆளுகையில் இருந்த சால்ஸ்பர்க்கில், லியோன்ஹார்ட் என்னும் பேராயர் 1504-ஆம் ஆண்டு வெளியிட்ட பெரிய வெள்ளி நாணயம் இன்று கிடைத்தற்கரியது. நம் உதகைச் சந்தையில் காரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் நடுவே குவிந்து கிடக்கும் டர்னிப் கிழங்குதான் அவருடைய குலச் சின்னம். நாணயத்திலும் அதுவே வீற்றிருக்கிறது. கடவுளின் பெயரால் ஆண்டவரும் குலப் பெருமையை விடவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு ராஜ்யம் நம் மலைத் தொடரின் தென்கோடியிலேயே இருந்தது. 1750 ஜனவரியில், போர்களால் விஸ்தரித்த திருவிதாங்கூர் முழுவதையும் பத்மநாப சுவாமிக்குச் சமர்ப்பித்து, உடைவாளைச் சந்நிதியில் வைத்துப் பின் அவனுடைய தாசனாக அதைக் கையிலேந்திய மார்த்தாண்ட வர்மர், அன்று முதல் அரசரல்லர், காரியஸ்தர். அந்த ராஜ்யத்தின் வெள்ளிக் காசுக்குச் சக்கரம் என்று பெயர்.

அரை கிராம் எடையும் தேறாத, சுண்டுவிரல் நகத்தளவே உள்ள காசு அது. காசு என்னும் சில்லறை நாணயம் பதினாறு சேர்ந்தது ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரை! அந்த அரையை நினைத்தால் கணக்கப்பிள்ளைகளிடம் அனுதாபமே பிறக்கிறது.

இத்தனை சிறு காசை ஆயிரக்கணக்கில் விரலால் எண்ணுவது ஆகிற காரியமா? அதற்கென்றே சக்கரப் பலகை இருந்தது. ஒரு காசு மட்டுமே அடங்கும் சிறு குழிகளை வரிசை வரிசையாகக் குடைந்த மரப்பலகை அது. அதன்மேல் ஒரு கை காசை வாரிப் போட்டு, இலேசாகக் குலுக்கி, மிகுந்ததைக் கையால் வழித்துத் தள்ளினால், குழிக்கு ஒன்றாகக் காசுகள் படிந்துவிடும். வெறுங்குழி எங்கேனும் இருந்தால் கண்ணுக்கு உடனே தெரியும். நூறு குழிப் பலகை நிறைந்தால் நூறு சக்கரம். குன்னூர்த் தேயிலை ஆலைகளில் சல்லடைகள் குலுங்கித் தூளைத் தரம் பிரிப்பதைக் கண்டவர்களுக்கு இத்தத்துவம் புதிதன்று; சல்லடை கீழே விடுகிறது, பலகை பிடித்து வைக்கிறது, அவ்வளவே. ஓரம் தேய்ந்த காசும் குழியில் அமர்ந்துவிடுமாதலால், எண்ணிக்கைக்குத்தான் பலகை சாட்சி. எடைக்குத் தராசையே நாட வேண்டும்.

கையால் அடித்த பழஞ்சக்கரங்களில் புள்ளிகளும் கோடுகளுமே காணப்படும். பின்னர் இயந்திரத்தில் அச்சடித்து வந்த வெள்ளி அரை ரூபாயிலும் கால் ரூபாயிலும் பத்மநாபனின் சங்கு மாலை சூழப் பொலிந்தது. மன்னரின் முகம், பின்னாளில் செம்பிலும் வந்த சக்கரத்தில் ஏறியது கடைசி மகாராஜாவான சித்திரைத் திருநாள் காலத்தில்தான். அதற்குப் பிறகு அதிக நாள் செல்லவில்லை, 1949 ஜூலை முதல் தேதி திருவிதாங்கூர் கொச்சியோடு இணைந்துவிட்டது.