டெஸ்டர் பல்பும் அனுஷ நட்சத்திரமும்

கரன்ட் வருதான்னு பார்க்க ஸ்க்ரூடிரைவர் மாதிரி ஒரு டெஸ்டர் வெச்சிருப்போமே... அதுக்குள்ள ஆரஞ்சு கலர்ல மினுக்குற குட்டி பல்பை என்னிக்காவது மதிச்சிருக்கீங்களா? அது நியான். நட்சத்திரத்தின் வேகத்தை அளக்கிற அமெச்சூர்களுக்கு அந்த வகை பல்புதான் ஸ்கேல்!

டெலஸ்கோப்பில் ஸ்பெக்ட்ரோகிராஃபை மாட்டினால், நட்சத்திர ஒளி நிறம் நிறமாகப் பிரிந்து கேமராவில் ஒரு நீளப் பட்டையாக விழும். பார்க்க அழகு. ஆனா, கேமராவுக்குத் தெரிந்தது பிக்ஸல் நம்பர் மட்டும்தான். அந்த பிக்ஸல் எத்தனை ஆங்ஸ்ட்ராம்? இங்கதான் நியான் என்ட்ரி! எந்த ஊரில் எரித்தாலும் நியான் அதே அலைநீளங்களில்தான் ஒளிரும். 5852.49, 6402.25, 6506.53, 6598.95... ஹைட்ரஜனின் பிரபலமான சிவப்புக் கோடு 6562.8-ல் இருக்கிறது. கடைசி ரெண்டு நியான் கோடுகளும் அதுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாடிகார்டு மாதிரி!

நியான் கோடு விழுந்த பிக்ஸல்களில் இந்த நம்பர்களை எழுதி, ஒரு கர்வ் ஃபிட் பண்ணினால் ஸ்கேல் ரெடி. நியூமரிக்கல் மெத்தட்ஸில் அரியர் வெச்சிருக்கறவங்க மன்னிக்கவும்.

இதுக்கா இவ்வளவு பில்டப்? சிவப்புக் கோடு ஒரே ஒரு ஆங்ஸ்ட்ராம் நகர்ந்தாலே, நட்சத்திரம் நொடிக்கு சுமார் 46 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருது, இல்லை விலகிப் போகுதுன்னு அர்த்தம். ஸ்கேலில் அரை ஆங்ஸ்ட்ராம் பிசகினால் 23 கிலோமீட்டர் கோவிந்தா!

நம்ம அனுஷத்தில் இருக்கும் டெல்டா ஸ்கார்ப்பியையே எடுத்துக்குங்க. சுமார் 10.8 வருஷத்துக்கு ஒரு முறை சுற்றிவரும் இரட்டை நட்சத்திரம். 2000-ல் அது திடீர்னு பிரகாசமானதைக் கவனித்தவரே அர்ஜென்டினாவின் செபாஸ்டியன் ஒட்டேரோ என்கிற அமெச்சூர்தான். 2011 ஜூலையில் ஜோடி ரெண்டும் ரொம்ப நெருங்கியபோது, பல நாட்டு அமெச்சூர்கள் ராத்தூக்கம் கெட்டு ஸ்பெக்ட்ரம் எடுத்துத் தள்ளினார்கள். ஆளுக்கொரு கருவி. ஸ்கேல் சரியா இருந்தால்தானே எல்லாத்தையும் ஒரே கிராஃபில் வைக்க முடியும்?

நியானிடம் ஒரு குறை. நீலப் பக்கம் கிட்டத்தட்ட ஆப்சென்ட்! அங்கே ஆர்கான் வேணும். அதுக்கு ஐரோப்பிய அமெச்சூர்கள் பிடித்தது... ட்யூப்லைட் ஸ்டார்ட்டர்! ரெல்கோ எஸ்.சி.480 என்ற ஸ்டார்ட்டரில் நியான், ஆர்கான், ஹீலியம் மூணும் ஆஜர். அதன் கோடுகளை ஸ்விட்சர்லாந்தின் ரிச்சர்ட் வாக்கர் பொறுமையாக அடையாளம் கண்டு பட்டியலே போட்டிருக்கிறார்.

டெலஸ்கோப் திரும்பத் திரும்ப, சொந்த எடையிலேயே கருவி இம்மியளவு வளையும். கோடுகளும் நகரும். அதனால் நட்சத்திரத்தை எடுக்கும் முன் ஒரு லேம்ப் ஷாட், எடுத்த பின் ஒரு லேம்ப் ஷாட்.

ஆர்வத்தில் டெஸ்டரைக் கழற்றுகிறவர்கள் கவனிக்க: அந்த பல்போடு சீரிஸில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அதை விட்டுட்டு நேரா 230 வோல்ட் கொடுத்தா ஸ்பெக்ட்ரம் வராது... வார்டன்தான் வருவார்!