உடன்படிக்கைக்கு முந்தைய கணக்கு

இரு நாடுகளின் பிரதிநிதிகள் எதிரெதிரே அமர்ந்து பேரம் பேசுவதே வாணிபப் பேச்சு வார்த்தை எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் அதன் கடினமான பகுதி, அவர்கள் சந்திப்பதற்கு முன்பே உள்நாட்டில் நடைபெறுகிறது. எப்பொருளுக்குச் சலுகை கேட்பது, எதற்குச் சலுகை அளிப்பது, அதனால் பயன் பெறுவோர் யார், பாதிக்கப்படுவோர் யார் என்ற கணக்கே அது. 1933-34இல் நடந்த இந்திய-ஜப்பானியப் பேச்சு வார்த்தை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

ஆலையும் உழவும்

பம்பாயை அடுத்த குர்லாவில் நலிவுற்றிருந்த ஓர் ஆலையை 1886இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா வாங்கி, ‘சுதேசி’ எனப் பெயரிட்டு நடத்தினார். 1930களின் தொடக்கத்தில் பம்பாய் வட்டார ஆலைகள் கடும் போட்டிக்கு உள்ளாயின. 1931 டிசம்பரில் ஜப்பான் தங்க நாணயத் திட்டத்தைக் கைவிட்டது. யென்னின் மதிப்புச் சரிந்து, ஜப்பானியத் துணி மேலும் மலிந்தது. துணி தேங்கினால் தறி நிற்கும். தறி நின்றால் தொழிலாளியின் கூலியும் நிற்கும்.

1933 ஏப்ரலில் இந்திய அரசு, ஜப்பானுடனான 1904ஆம் ஆண்டு வாணிப உடன்படிக்கையை முடித்துக்கொள்ள அறிவிப்புக் கொடுத்தது. ஜூன் மாதத்தில், பிரிட்டன் அல்லாத நாடுகளின் பருத்தித் துணி மீதான வரி 75 சதவீதமாக உயர்த்தப்பட்டது. உடனே ஜப்பானிய நூற்பாலைகள் இந்தியப் பருத்தியை வாங்க மறுத்தன. இந்தியப் பருத்தியை மிகுதியாக வாங்கி வந்த நாடோ ஜப்பான்தான். குர்லாத் தொழிலாளியைக் காக்க விதித்த வரி, பருத்தி உழவரின் சந்தையை அடைக்கும் நிலை உருவாயிற்று.

பேச்சில் கண்ட தீர்வு

1933 செப்டம்பரில் சிம்லாவில் பேச்சு தொடங்கியது. இந்தியத் தரப்புக்கு வாணிப உறுப்பினர் சர் ஜோசப் போர் தலைமை தாங்கினார். அரசு அலுவலர்களுக்கு உதவியாக அலுவலர் அல்லாத ஆலோசகர்களும் இடம்பெற்றனர். உள்நாட்டுத் தரப்புகளின் முரண்பாட்டை மேசைக்கு வருமுன் எடைபோட இவ்வேற்பாடு உதவிற்று.

1934 ஜனவரியில் கண்ட இணக்கத்தின்படி வரி 50 சதவீதமாகக் குறைந்தது. துணி இறக்குமதி, பருத்தி ஏற்றுமதியோடு பிணைக்கப்பட்டது. ஜப்பான் 10 லட்சம் பொதி பருத்தி வாங்கினால் 32 கோடியே 50 லட்சம் கெஜம் துணி அனுப்பலாம். 15 லட்சம் பொதி வாங்கினால் 40 கோடி கெஜம் வரை அனுப்பலாம். அதுவே உச்ச வரம்பு. ஆலைக்கு வரம்பும், உழவருக்குச் சந்தையும் ஒரே ஏற்பாட்டில் கிடைத்தன.

இன்றைய முன்னேற்பாடு

இன்று வர்த்தக அமைச்சகம் சுங்க வரிப் பட்டியலைப் பொருள்வாரியாக ஆராய்கிறது. பிற அமைச்சகங்கள், ஏற்றுமதி வளர்ச்சிக் குழுக்கள், தொழில் அமைப்புகள் ஆகியவற்றின் கருத்துகளைக் கேட்கிறது. உடனே வரி நீக்கத்தக்கவை, படிப்படியாகக் குறைக்கத்தக்கவை, சலுகைக்கு அப்பாற்பட்டவை எனப் பொருள்கள் பிரிக்கப்படுகின்றன. மூன்றாம் நாட்டுச் சரக்கு சலுகையைப் பயன்படுத்திக் கொள்ளாதபடி, பொருள் எங்கு உருவானது என்பதை நிர்ணயிக்கும் விதிகளும் வகுக்கப்படுகின்றன.

2022 ஜனவரியில் பேச்சு தொடங்கி 2025 ஜூலை 24இல் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் ஒப்பந்தத்தில் இம்முறையைக் காணலாம். தோல் பொருள்கள் மீதான பிரிட்டனின் வரியை நீக்க வழி செய்யப்பட்டது. பால் பொருள்களையும் ஆப்பிளையும் இந்தியா சலுகைக்கு வெளியே வைத்தது. குர்லாவுக்கு அருகிலுள்ள தாராவியின் தோல் பட்டறைகளைப் போன்ற சிறு தொழில்களுக்கு இத்தகைய சலுகை ஒரு வாய்ப்பே. எனினும், பொருள் இந்தியாவில் உருவானது என மெய்ப்பிக்கும் ஆவணங்களைச் சிறு பட்டறைக்காரரும் எளிதில் பெற்றால்தான் அது பயன் தரும்.

சலுகை பெறும் தொழில் தன் தேவையைத் தானே எடுத்துரைக்கும். இழப்புக்கு உள்ளாகக்கூடிய உழவரும் தொழிலாளியும் சிதறிக் கிடப்பவர்கள். அவர்களைத் தேடிச் சென்று கேட்டறிவதே முன்னேற்பாட்டின் முதற் கடமை எனலாம்.