பூட்டிய அலமாரி, பயந்த ஊழியர்

பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் தொலைந்தால் யார் பொறுப்பு? விதி தெளிவாக இருக்கிறது, பயம்தான் விலகவில்லை.

ஓய்வு பெறும் நாள் நெருங்கும்போது நூலக ஊழியரின் தூக்கத்தைக் கெடுப்பது இருப்புச் சரிபார்ப்பு. பதிவேட்டில் உள்ள புத்தகம் அலமாரியில் இல்லையென்றால் விளக்கம் கேட்பார்கள். ஓய்வூதியப் பலன்கள் இழுபடுமோ என்ற கவலை வேறு. விளைவு, விலை உயர்ந்த புத்தகங்கள் கண்ணாடி அலமாரிக்குள் போகின்றன. சாவி ஊழியரின் மேசை இழுப்பறையில். அவர் விடுப்பில் போனால் ஆராய்ச்சி மாணவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன் இந்த நோயை அன்றே கண்டுகொண்டார். புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பதுதான் 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது. வாசகரை அலமாரிவரை அனுமதிக்கும் திறந்த முறையை அவர் வலியுறுத்தினார். அப்படித் திறந்துவிட்டால் சில புத்தகங்கள் தொலையத்தான் செய்யும்.

மத்திய அரசும் அதை ஏற்கிறது. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 215ஆவது விதியின்படி, ஓராண்டில் இரவல் தரப்பட்ட அல்லது நூலகத்திலேயே படிக்கப்பட்ட ஒவ்வொரு 1,000 புத்தகங்களுக்கும் 5 தொலைவது நியாயமான இழப்பு. நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. அரிய நூலோ 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமோ தொலைந்தால் விசாரணை கட்டாயம். 50,000 புத்தகங்களுக்கு மேல் உள்ள நூலகத்தில், மூன்று ஆண்டுகளுக்கு மிகாத இடைவெளியில் மாதிரிச் சரிபார்ப்பு போதும். அதில் வழக்கத்துக்கு மாறான குறைவு தெரிந்தால்தான் முழுக் கணக்கெடுப்பு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சலுகை, புழங்கும் புத்தகங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆண்டுக்கு 2 லட்சம் முறை புத்தகங்கள் கைமாறினால் 1,000 புத்தகங்கள்வரை இழப்பை ஏற்கலாம். பூட்டிய அலமாரிக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

ஆனால் கோருவதற்கு ஆதாரம் வேண்டுமே! இரவல் கணக்கு கணினியில் இருக்கும். வாசிப்பு அறை மேசைகளில் விட்டுச் செல்லப்படும் புத்தகங்களை மீண்டும் அடுக்கும் முன் எண்ணிக் குறித்தால்தான் படிக்கப்பட்டவற்றின் கணக்கு கிடைக்கும். அதைச் செய்ய வேண்டியவர் கடைநிலை உதவியாளர். நூலகருக்கும் துணை, உதவி நூலகர்களுக்கும் யு.ஜி.சி. ஊதிய விகிதம். தினமும் புத்தகத்தைத் தூக்கி அடுக்குபவர்களோ ஆசிரியரல்லாத ஊழியர்கள். சில இடங்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் இவர்களுக்குத்தான் அதிகம். எண்ணச் சொல்லும் நூலகர், அந்த எண் அவர்களைத்தான் காப்பாற்றும் என்பதையும் சொல்ல வேண்டும்.

விதியிலும் குறை உண்டு. வெளிநாட்டுப் பதிப்பகங்களின் பல பாடநூல்கள் 1,000 ரூபாயை எப்போதோ தாண்டிவிட்டன. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கோ தனித்தனி விதிகள். அங்கெல்லாம் இழப்பின் வரம்பைத் துணைவேந்தர்கள் எழுத்தில் அறிவிக்கலாம். வாய்மொழி ஆறுதலை நம்பி எந்த ஊழியரும் சாவியை வெளியே எடுக்க மாட்டார்.