தூரத்துக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, மகளை அனுப்பலாமா?

பிளஸ் டூ முடித்த மகளுக்கு, அவள் ஆசைப்பட்ட பாடத்திலேயே அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் கல்லூரி நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு தனியார் கல்லூரி உண்டு. அங்கே அந்தப் பாடம் இல்லை, கட்டணமும் அதிகம், ஆனால் நடந்தே போய்விடலாம். சேர்க்கைக்கு ஓரிரு நாள்தான் மிச்சம். வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது?

முதலில், ‘நாற்பது கிலோமீட்டர்’ என்ற எண்ணைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பயணம் முழுவதும் ஒரே மாதிரி இருக்காது. வீட்டிலிருந்து நிறுத்தம் வரை நடை, நிறுத்தத்தில் காத்திருப்பு, பேருந்து, நகரத்தில் இறங்கி இன்னொரு பேருந்து, அங்கிருந்து கல்லூரி வாசல். இப்படித் துண்டு துண்டாக எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் உங்கள் பயம் ஒன்றிரண்டு துண்டுகளில்தான் இருக்கும். விளக்கில்லாத ஒன்றரை கிலோமீட்டர் சாலை, மதுக்கடை ஒட்டிய நிறுத்தம், நிற்க இடமில்லாத காலைப் பேருந்து என்று அது பெயர் சொல்லக்கூடியதாக இருக்கும். பெயர் தெரிந்த பயத்துக்கு வழி தேடலாம்.

எப்படித் தெரிந்துகொள்வது? மகளோடு ஒரு வேலை நாளில், அவள் போகப்போகும் அதே நேரத்துக்குப் போய் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் போய்ப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. திரும்பி வரும் நேரம் இன்னும் முக்கியம். கடைசி நேரடிப் பேருந்து எத்தனை மணிக்கு? அதை விட்டால் அடுத்தது எது? இதைப் பேருந்து நிலைய நேரக் காப்பாளரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதே ஊரிலிருந்து ஏற்கெனவே அங்கே படிக்கும் மாணவிகளைத் தேடிப் பேசுங்கள். கூட்டத்தில் எந்தப் பேருந்து மோசம், எங்கே நிற்கக் கூடாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கல்லூரி நேரத்தையும் கேளுங்கள். சில அரசுக் கல்லூரிகள் காலை, மதியம் என இரண்டு சுழற்சிகளாக (ஷிப்ட்) நடக்கின்றன. மதியச் சுழற்சியில் படிப்பவள் வீடு சேர இருட்டிவிடும். காலைச் சுழற்சி கிடைத்தால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும். சேர்க்கையின்போதே அதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

செலவு எவ்வளவு ஆகும்? நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கலாம். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை. வெளியூர்ப் பேருந்துகளுக்கு அது பொருந்தாது, ஆனால் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை (பஸ் பாஸ்) உண்டு. ரயில் வழி இருந்தால், பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கு வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாதப் பயணச்சீட்டு (சீசன் டிக்கெட்) இலவசம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும்.

உடம்பு தாங்குமா? போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால் வாரம் ஐந்து நாளில் 15 மணி நேரம் சாலையில் போகும். உட்கார்ந்து போகிற பயணத்தைப் பலரும் சமாளித்துவிடுகிறார்கள். நின்றுகொண்டே, இரண்டு வண்டி மாறிப் போவது கடினம். அப்படிப் போகிறவளிடம் வீடு திரும்பியதும் சமையலையும் தண்ணீர்க் குடத்தையும் ஒப்படைக்காதீர்கள். படிப்பு நிற்பதற்குப் பல வீடுகளில் பேருந்தைவிட இதுவே காரணமாகிவிடுகிறது.

ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டால் என்ன? அவளுக்கு 18 வயது ஆகி, உரிமம் எடுத்த பிறகு யோசிக்கலாம். அதற்கு முன் ஓட்டிப் பிடிபட்டால், 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் விதிக்கலாம். அதைவிட, நெடுஞ்சாலையில் தினமும் எண்பது கிலோமீட்டர் என்பது எந்தப் பேருந்தையும்விட ஆபத்தானது.

இனி, எல்லோர் மனதிலும் இருந்தும் வாய்விட்டுப் பேசாத கேள்வி. வழியில் யாராவது தொந்தரவு கொடுத்தால்?

இந்தப் பயம் எவ்வளவு விலை கேட்கிறது என்பதை டெல்லிப் பல்கலைக்கழக மாணவிகளிடம் பொருளியல் அறிஞர் கிரிஜா போர்க்கர் ஆராய்ந்திருக்கிறார். வழி பாதுகாப்பானது என்பதற்காகவே பல பெண்கள் தங்கள் மதிப்பெண்ணுக்குக் கிடைக்கக்கூடியதைவிடத் தரம் குறைந்த கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று அவர் கண்டார். குற்றம் செய்பவன் தெருவில் நிற்க, நஷ்டம் பெண்ணின் படிப்பில் விழுகிறது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் கேலிக் கும்பலால் இறந்ததையொட்டி 1998இல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. பேருந்தில் ஒரு பெண் புகார் சொன்னால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியைப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அதில் இருக்கிறது. இதை மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, ரயிலில் 139 ஆகிய எண்களை அவள் கைபேசியில் பதிந்து வையுங்கள்.

ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய பாதுகாப்பு வேறொன்று. “அம்மா, இன்னிக்குப் பஸ்ல ஒருத்தன்…” என்று அவள் வீட்டில் வாய் திறக்க முடிய வேண்டும். பல பெண்கள் மாதக்கணக்கில் சொல்வதே இல்லை. சொன்னால் மறுநாளே “நீ படிச்சது போதும்” என்பார்கள் என்ற அச்சம்தான் காரணம். தொல்லை கொடுப்பவனுக்கு இந்த மௌனமே தைரியம். ஆகவே சேர்க்கைக்கு முன்பே அவளிடம் அப்பாவும் சேர்ந்து வாக்குக் கொடுங்கள்: “எது நடந்தாலும் சொல்லு. உன் படிப்பை நிறுத்த மாட்டோம். வழியை மாத்துவோம், கூட வருவோம், புகார் கொடுப்போம்.” வாக்குக் கொடுத்தபின் அதைக் காப்பாற்றுங்கள். ஒரு முறை மீறினால் இரண்டாம் முறை அவள் சொல்ல மாட்டாள்.

எவ்வளவு பார்த்தும் ஒரு துண்டுக்கு வழி பிறக்கவில்லையா? அப்போது விடுதியைப் பாருங்கள். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத் துறைகளின் கல்லூரி விடுதிகளில் உணவும் தங்குமிடமும் இலவசம். குடும்ப வருமான வரம்பு உண்டு. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் வீட்டுக்கும் கல்லூரிக்கும் எட்டு கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்ற விதி மாணவிகளுக்குக் கிடையாது. இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். அதனால் கல்லூரிச் சேர்க்கை முடிந்த கையோடு விண்ணப்பியுங்கள். இரவுக் காவல், கழிப்பறை, காப்பாளர் அங்கேயே தங்குகிறாரா என்பதை நேரில் பாருங்கள்.

விடுதியும் கிடைக்காமல், அந்த இருட்டுச் சாலைக்கும் துணை இல்லை என்றால், வேண்டாம் என்று சொல்வதில் தவறில்லை. அதற்காகக் கிடைத்த ஏதோ ஒரு பாடத்தில் அவளைத் தள்ளிவிடாதீர்கள். அதே பாடம் இன்னும் பக்கத்தில் எங்கே இருக்கிறது, அடுத்த சுற்றுக் கலந்தாய்வில் (இடம் ஒதுக்கும் கூட்டம்) காலி இடம் உண்டா என்று விசாரியுங்கள். அஞ்சல்வழிப் படிப்பு கடைசி வழியாக இருக்கட்டும். அதற்குப் ‘புதுமைப் பெண்’ தொகை கிடைக்காது.